குடியுரிமை ஒன்று, தேசங்கள் நான்கு

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாழ்ந்தவர்களில் 57.7 சதவீதத்தினர் தங்கள் தேசிய அடையாளம் 'ஆங்கிலேயர்' என்பது மட்டுமே என்று குறித்தார்கள். 2021இல் அப்படிக் குறித்தவர்கள் 14.9 சதவீதம்தான். அதே பத்தாண்டில் 'பிரிட்டிஷ்' என்பதை மட்டும் குறித்தவர்கள் சுமார் 19 சதவீதத்திலிருந்து 54.8 சதவீதமாகப் பெருகிவிட்டார்கள். எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் பத்தே ஆண்டுகளில் தேசம் மாறிவிட்டது போலத் தோன்றும். இடையில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியது உண்மை. ஆனால் இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு அது மட்டும் போதாது.

படிவத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். 'உங்கள் தேசிய அடையாளத்தை எப்படிச் சொல்வீர்கள்?' என்ற கேள்விக்குக் கீழே வரிசையாகச் சிறு கட்டங்கள். பொருந்துகிற எல்லாவற்றையும் டிக் செய்யலாம். 2011இல் இங்கிலாந்துக்கு அனுப்பிய படிவத்தில் முதல் கட்டம் 'ஆங்கிலேயர்'. 2021இல் முதல் கட்டம் 'பிரிட்டிஷ்'. எண்கள் இப்படித் தலைகீழானதற்கு இந்த இடமாற்றமும் காரணமாக இருக்கும் என்று தேசியப் புள்ளிவிவர அலுவலகமே விளக்கம் சொன்னது. வேல்ஸ் படிவத்தில் 'வெல்ஷ்' கட்டம் முதலிடத்திலேயே இருந்தது. அங்கே 'வெல்ஷ் மட்டும்' என்றவர்கள் 57.5 சதவீதத்திலிருந்து 55.2 சதவீதமானதோடு சரி.

கட்டம் மாற்றி டிக் செய்ததால் ஒரே ஒருவருடைய குடியுரிமைகூட மாறவில்லை. தேசிய அடையாளம் கேள்வியின் வரிசை மாறினாலே இடம்பெயரக்கூடியது. குடியுரிமை பிறந்த தேதி, பெற்றோரின் சட்ட நிலை, விண்ணப்பம், கட்டணம் என்று ஆவணங்களில் நிற்பது. பிரிட்டனில் இந்த இரண்டும் ஒருபோதும் ஒன்றாக இருந்ததில்லை. அதை அந்த நாட்டின் குறைபாடாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. இந்த இடைவெளிதான் அங்கே வாழும் மக்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு. அரசு அதை மூட முயன்றபோதெல்லாம் உரிமை உள்ளவர்களே வெளியே தள்ளப்பட்டார்கள். இந்தக் கட்டுரையின் வாதம் அதுதான்.

நாம் எல்லோரையும் 'ஆங்கிலேயர்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கால்டுவெல் பிறந்தது அயர்லாந்தின் ஆண்ட்ரிம் பகுதியில், பெற்றோர் ஸ்காட்லாந்தியர். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய தீவுத்திடல் அருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ கிளாஸ்கோக்காரர். இருவருமே தங்களை ஆங்கிலேயர் என்று சொல்லிக்கொண்டிருக்கமாட்டார்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என்ற நான்கும் சேர்ந்ததுதான் ஐக்கிய இராச்சியம். கடவுச்சீட்டில் 'தேசியம்' என்ற இடத்தில் அச்சாகியிருப்பது 'பிரிட்டிஷ் குடிமகன்' என்பது மட்டுமே. ஸ்காட்டிஷ் குடியுரிமை, வெல்ஷ் குடியுரிமை, ஆங்கிலேயக் குடியுரிமை என்று எதுவும் சட்டத்தில் கிடையாது.

இதன் வேரைத் தேடினால் நானூறு ஆண்டுகளுக்கு முன் மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தையின் பெயரில் நடந்த வழக்கில் போய் நிற்கும். 1603இல் ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் மன்னர் இங்கிலாந்தின் அரியணையிலும் ஏறினார். மன்னர் ஒருவர்; நாடுகள் இரண்டு; சட்டமும் நாடாளுமன்றமும் தனித்தனி. அந்நியர் இங்கிலாந்தில் நிலம் வைத்திருக்க முடியாத காலம் அது. 1603க்குப் பிறகு ஸ்காட்லாந்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு லண்டனை ஒட்டிய ஷோர்டிச்சில் நிலம் உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி. கால்வின் வழக்கு என்று பெயர் பெற்ற அதில் 1608இல் தீர்ப்பு வந்தது. குழந்தை அந்நியர் அல்ல என்று நீதிபதிகளில் மிகப் பெரும்பாலோர் சொன்னார்கள். நீதிபதி எட்வர்ட் கோக் எழுதிவைத்த விளக்கத்தின்படி, குடிமக்களின் விசுவாசம் மன்னரின் உடலுக்கும் உயிருக்கும் உரியது. நாட்டின் எல்லைக்கோ அதன் சட்டத்துக்கோ உரியதல்ல. ஆகவே மன்னரின் ஆட்சிக்குள் பிறந்தவர் எங்கே பிறந்தாலும் அவருடைய குடியே.

அந்தக் குழந்தை ஆங்கிலேயனா ஸ்காட்லாந்தியனா என்று நீதிமன்றம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிலம் போயிருக்கும். அவனுக்கு உரிமை கிடைத்தது தேச உணர்வைக் கணக்கில் கொள்ளாத ஒரு சட்ட உறவால். பிரிட்டிஷ் குடியுரிமை பின்னாளில் வளர்ந்தது இந்த அடித்தளத்தின் மேல்தான். பிரான்சில் 1789க்குப் பிறகு குடிமக்கள் சேர்ந்து தேசம், தேசமே அரசு என்ற கொள்கை பிறந்தது. பிரிட்டனில் அப்படியொரு தருணம் வரவே இல்லை. அங்கே மன்னரிடமிருந்து கீழ்நோக்கித் தொங்கிய இழைகளாகவே குடிமக்கள் இருந்தார்கள். இது மக்களாட்சிக்கு உகந்த கருத்தல்ல என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அந்த இழையைப் பிடித்துக்கொள்ள யாரும் ஒரே இனமாக, ஒரே மொழியினராக இருக்கவேண்டியிருக்கவில்லை.

'பிரிட்டிஷ்' என்ற அடையாளம் மக்கள் மனத்தில் வேர்விட்டது அதற்கும் வெகு காலம் கழித்து. 1707இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே நாடாளுமன்றத்தின்கீழ் இணைந்தன. அதற்கு அடுத்த நூற்றிமுப்பது ஆண்டுகளை ஆராய்ந்து வரலாற்றாசிரியர் லிண்டா காலி 1992இல் வெளியிட்ட 'பிரிட்டன்ஸ்' நூல் இத்துறையில் தவிர்க்க முடியாதது. புராட்டஸ்டண்ட் சமயம், பிரான்சுடன் ஓயாமல் நடந்த போர்கள், பேரரசு தந்த ஆதாயம் ஆகியவைதான் பிரிட்டிஷ் உணர்வை உருவாக்கின என்பது அவர் முடிவு. பழைய அடையாளங்களை அழித்துவிட்டு அது வரவில்லை. அவற்றின் மேல் ஒரு படலமாகப் படிந்தது. ஸ்காட்லாந்து தன் சட்டமுறையையும் திருச்சபையையும் கல்விமுறையையும் விட்டுக்கொடுக்காமலே பிரிட்டிஷாகவும் ஆனது. கத்தோலிக்க அயர்லாந்து 1801இல் சேர்க்கப்பட்டபோது அந்தப் படலம் ஒட்டவில்லை. 1922இல் தீவின் பெரும்பகுதி பிரிந்தும் போனது.

பேரரசு பரவியபோது கால்வின் வழக்கின் தர்க்கமும் கூடவே பரவியது. 1910இல் தஞ்சாவூரில் பிறந்த குழந்தை பிரிட்டிஷ் குடி. அதே நாளில் கொஞ்ச தூரத்தில் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்த குழந்தை பிரிட்டிஷ் குடியல்ல, பிரிட்டனின் பாதுகாப்பில் உள்ளவர் மட்டுமே. ஏனென்றால் புதுக்கோட்டைக்குத் தனி மன்னர் இருந்தார். தஞ்சாவூர்க் குழந்தைக்கும் லண்டனில் பிறந்த குழந்தைக்கும் ஏட்டளவில் ஒரே நிலை. 1914ஆம் ஆண்டுச் சட்டம் இதைப் பேரரசு முழுமைக்கும் பொதுவாக எழுதிவைத்தது.

ஏட்டளவில் என்று சொல்லக் காரணம் உண்டு. அதே 1914ஆம் ஆண்டு மே மாதம் கோமகட்டா மாரு கப்பல் 376 பயணிகளோடு கனடாவின் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது. பெரும்பாலோர் பஞ்சாபிகள், பிரிட்டிஷ் குடிகள். தாய்நாட்டிலிருந்து இடைநில்லாமல் நேராக வந்தவர்களை மட்டுமே அனுமதிப்போம் என்ற விதியைக் காட்டி, இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்திவைத்து, கிட்டத்தட்ட எல்லோரையும் திருப்பியனுப்பிவிட்டார்கள். விதியில் இனம் என்ற சொல்லே கிடையாது. யாரைத் தடுக்கவேண்டும் என்பதில் அதை எழுதியவர்களுக்குக் குழப்பமும் கிடையாது. பின்னால் பிரிட்டன் இயற்றிய சட்டங்களும் இதே உத்தியைத்தான் கையாண்டன.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கனடா தனக்கெனக் குடியுரிமைச் சட்டம் இயற்றியது. பொதுவான குடிநிலை உடைந்துபோகாமல் காக்க பிரிட்டன் 1948இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1949 ஜனவரி 1 முதல் 'ஐக்கிய இராச்சியம் மற்றும் காலனிகளின் குடிமகன்' என்ற புதிய நிலை நடைமுறைக்கு வந்தது. ஜமைக்காவின் கரும்புத் தொழிலாளியும் பர்மிங்ஹாம் தொழிலாளியும் ஒரே குடியுரிமை உடையவர்கள். சுதந்திர இந்தியாவின் குடிமக்களுக்கும்கூட பிரிட்டனுக்குள் வந்து வாழ உரிமை இருந்தது. கரீபியத் தீவுகளிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த எம்பயர் விண்ட்ரஷ் கப்பலை இந்தச் சட்டம்தான் கொண்டுவந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. அந்தக் கப்பல் பயணிகள் டில்பரி துறையில் இறங்கியது 1948 ஜூன் 22. சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது ஜூலை 30. அவர்கள் வந்தது கால்வின் குழந்தைக்குக் கிடைத்த அதே பழைய உரிமையில்.

பொதுக் குடிநிலை உடைந்தபோது நம்மவர்களுக்கு நேர்ந்ததையும் இங்கே சொல்லியாகவேண்டும். சென்னை மாகாணத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஒரே முடியாட்சியின் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போன பிரிட்டிஷ் குடிகள். சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்ததற்கோ அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்கோ ஆதாரம் கேட்டது. பிறப்புச் சான்று என்பதையே காணாத, லயன் வீடுகளில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடம் இதைக் கேட்டால் என்ன கிடைக்கும்? ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள்.

இருபது ஆண்டுகள் கழித்து பிரிட்டனும் அதே பாட்டன் விதியைக் கையில் எடுத்தது. கென்யா 1963 டிசம்பரில் விடுதலை பெற்றபோது, அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் பலர் கென்யக் குடியுரிமைக்கு மாறாமல் பிரிட்டிஷ் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். அவர்கள் கையில் இருந்தது லண்டன் அரசு நேரடியாகக் கொடுத்த கடவுச்சீட்டு. 1962ஆம் ஆண்டுக் குடியேற்றக் கட்டுப்பாடு அதைத் தொடவில்லை. கென்ய அரசு வேலைகளையும் வணிகத்தையும் ஆப்பிரிக்கர்களுக்கு மாற்றத் தொடங்கியதும் அவர்கள் பிரிட்டனுக்குப் புறப்பட்டார்கள். உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் காலகன் கொண்டுவந்த மசோதா, 1968இல் மூன்றே நாட்களில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் கடந்து சட்டமானது. வருபவரோ அவர் பெற்றோரில் ஒருவரோ தாத்தா பாட்டியில் ஒருவரோ பிரிட்டனில் பிறந்தோ குடியுரிமை பெற்றோ இருந்தால்தான் தடையின்றி உள்ளே வரலாம் என்றது சட்டம். குடியுரிமை உண்டு, கடவுச்சீட்டு உண்டு, சொந்த நாட்டுக்குள் நுழையும் உரிமை மட்டும் கிடையாது. கென்யாவில் இருந்த வெள்ளையருக்குப் பெரும்பாலும் பிரிட்டனில் தாத்தா இருந்தார். பட்டேலுக்கும் ஷாவுக்கும் இல்லை. இந்தச் சட்டத்தின்மூலம் இன அடிப்படையில் நடத்திய விதம் மனிதரை இழிவுபடுத்துவது என்று ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் 1973 டிசம்பரில் அறிக்கை தந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். தேசிய அடையாளம் என்ற உணர்வை அளக்கக் கருவி கிடையாது. அளந்தே தீருவேன் என்று அரசு இறங்கினால் வம்சத்தைத்தான் அளவுகோலாக எடுக்கும். வம்சம் என்றால் நடைமுறையில் நிறம். 1971ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பூர்விகத் தொடர்பைக் குடியேற்ற விதியின் மையத்தில் வைத்தது. 1981ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குடியுரிமைக்கே அடித்தளமாக்கி, 1983 ஜனவரி 1 முதல் 'பிரிட்டிஷ் குடிமகன்' என்ற இன்றைய நிலையை உண்டாக்கியது. பிரிட்டனோடு பூர்விகத் தொடர்பு இல்லாத காலனி மக்களுக்கு வேறு பெயர்களில் நிலைகள் உருவாயின; அவற்றில் பலவற்றுக்கு பிரிட்டனுக்குள் வந்து வாழும் உரிமை கிடையாது. பிரிட்டிஷ் மண்ணில் பிறந்தாலே குடிமகன் என்ற பழைய விதியும் அந்தச் சட்டத்தோடு முடிந்தது. இனி பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தர வதிவிட உரிமை உள்ளவராகவோ இருக்கவேண்டும்.

விண்ட்ரஷ் தலைமுறையின் கதை உலகறிந்தது. கரீபியத் தீவுகளிலிருந்து சிறுவயதில் வந்தவர்கள், 1973க்கு முன்பே குடியேறியதால் சட்டப்படி தங்கும் உரிமை உள்ளவர்கள். அந்த உரிமைக்கு அரசு அவர்கள் கையில் எந்தத் தாளும் கொடுக்கவில்லை. 2012க்குப் பிறகு வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் தாளைக் காட்டு என்ற கெடுபிடி வந்தது. அவர்கள் வந்து இறங்கிய நாளைக் காட்டக்கூடிய பழைய தரையிறங்கும் அட்டைகளை உள்துறை 2010லேயே அழித்துவிட்டிருந்தது. குறைந்தது 83 பேர் தவறாக நாடுகடத்தப்பட்டதாக அரசே ஒப்புக்கொண்டது. 2018 ஏப்ரலில் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். ஐம்பது ஆண்டுகள் வரி கட்டி, பிள்ளைகளை வளர்த்து, பிரிட்டிஷ் என்பதைத் தவிர வேறு அடையாளத்தை அறியாதவர்கள் இவர்கள். ஒருவருக்கு அடையாளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் குடியுரிமை ஆவணம் இல்லாவிட்டால் அது ஓர் இரவுக்குக்கூட அடைக்கலம் தராது.

இதற்கு நேர் எதிரான ஓர் அனுபவத்தை ஸ்காட்லாந்து தருகிறது. 2014 செப்டம்பர் 18 அன்று, ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்ற பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஒரு தேசத்தின் தலைவிதியை முடிவுசெய்யும் வாக்கு அது. அதற்கு யாரைக் கூப்பிடுவது? பிறப்பால் ஸ்காட்லாந்தியரையா? அங்கே வசிப்பவர்களைக் கூப்பிட்டார்கள். 16 வயது நிரம்பியிருந்தால் போதும்; கிளாஸ்கோவில் வாழ்ந்த இந்தியக் குடிமகனுக்கு காமன்வெல்த் குடிமகன் என்ற முறையில் வாக்கு உண்டு; எடின்பரோவில் வாழ்ந்த போலந்துக்காரருக்கும் உண்டு. ஸ்காட்டிஷ் தேசியத்தை வாழ்நாள் முழுவதும் ஆதரித்த நடிகர் ஷான் கானரி எடின்பரோவில் பிறந்தவர். வெளிநாட்டில் வசித்ததால் அவருக்கு வாக்கு இல்லை. இங்கிலாந்தில் வாழ்ந்த லட்சக்கணக்கான ஸ்காட்லாந்தியருக்கும் இல்லை. 84.6 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், 55.3 சதவீதம் பேர் பிரிவினை வேண்டாம் என்றார்கள். முடிவு எதுவானாலும், தேசிய இயக்கமே தேச உணர்வைச் சோதிக்காமல் வசிப்பிடத்தை மட்டும் பார்த்து வாக்குரிமை கொடுத்தது பெரிய காரியம். தேசியவாதத்தைக் கண்டு அஞ்சுகிறவன் நான். ஆனால் இந்த முடிவுக்குத் தலைவணங்குகிறேன்.

இரண்டே ஆண்டுகள் கழித்து நடந்த ஐரோப்பிய ஒன்றிய வாக்கெடுப்பில் நிலைமை வேறு. நாடாளுமன்றத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலே அதற்கும் அடிப்படை. கிளாஸ்கோவின் இந்தியருக்கு வாக்கு இருந்தது. எடின்பரோவில் இருபது ஆண்டு வாழ்ந்த போலந்துக்காரருக்கோ பிரெஞ்சுக்காரருக்கோ இல்லை. ஒன்றியத்தின் பிற நாட்டவரில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் குடிமக்களுக்கு மட்டும் இருந்தது. பழைய பேரரசின் குடிநிலை இன்றும் உயிரோடிருப்பதன் அடையாளம் இது. லண்டனில் முறையாகத் தங்கியிருக்கும் இந்தியக் குடிமகனோ இலங்கைக் குடிமகனோ பிரிட்டிஷ் குடியுரிமை பெறாமலே பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் இன்றும் வாக்களிக்கலாம். தமிழர்களில் பலருக்கே இது தெரியாது. தெரிந்துகொண்டு பட்டியலில் பெயரைச் சேர்க்கவேண்டும்.

ஸ்காட்லாந்தின் அடையாள எண்களும் கவனிக்கத் தக்கவை. 2022 கணக்கெடுப்பில் 65.5 சதவீதத்தினர் ஸ்காட்டிஷ் என்பதை மட்டும் குறித்தார்கள். 2011இல் அது 62.4. பிரிட்டிஷ் மட்டும் என்றவர்களும் 8.4இலிருந்து 13.9 ஆகக் கூடினார்கள். குறைந்தவர்கள் 'ஸ்காட்டிஷும் பிரிட்டிஷும்' என்றவர்கள்: 18.3இலிருந்து 8.2. இரண்டையும் சேர்த்துச் சுமந்தவர்கள் குறைந்து வருவது எனக்குக் கவலை தருகிறது. எண்பதுகளில் எடின்பரோவில் ஆய்வு செய்த லூயிஸ் மொரேனோ என்ற ஸ்பானிய சமூகவியலாளர் பரவலாக்கிய ஐந்து நிலைக் கேள்வி ஒன்று உண்டு: ஸ்காட்டிஷ் மட்டும், பிரிட்டிஷைவிட ஸ்காட்டிஷ் அதிகம், இரண்டும் சமம், ஸ்காட்டிஷைவிட பிரிட்டிஷ் அதிகம், பிரிட்டிஷ் மட்டும். இதில் நடு மூன்று நிலைகளில் நிற்பவர்களை நம்பித்தான் ஒரு பன்மைத் தேச அரசு நடக்கிறது.

வட அயர்லாந்தில் இந்தக் கேள்வி உயிர் குடித்த கேள்வி. முப்பது ஆண்டு வன்முறைக்குப் பிறகு 1998 ஏப்ரல் 10 அன்று எட்டப்பட்ட பெல்ஃபாஸ்ட் ஒப்பந்தம், அங்குள்ளவர்கள் தங்களை ஐரிஷ் என்றோ பிரிட்டிஷ் என்றோ இரண்டும் என்றோ கருதிக்கொள்ளவும் அவ்வாறே ஏற்கப்படவும் பிறப்புரிமை தந்தது. இரண்டு குடியுரிமைகளையும் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. உலகில் வேறெந்த ஒப்பந்தமும் இவ்வளவு தெளிவாக ஒருவரின் உணர்வை மதித்ததாக நான் அறியேன். ஆனால் 1981ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருந்தது. அங்கே பிறந்து தன்னை ஐரிஷ் என்று மட்டுமே கருதிய ஒரு பெண், தன் அமெரிக்கக் கணவருக்கு ஐரோப்பியக் குடிமகளின் கணவர் என்ற முறையில் தங்கும் அனுமதி கேட்டார். நீங்கள் பிறப்பால் பிரிட்டிஷ் குடிமகள், வேண்டாமென்றால் விண்ணப்பித்துத் துறந்துவிடுங்கள் என்றது உள்துறை. தன்னிடம் இருப்பதாகவே கருதாத ஒன்றை எப்படித் துறப்பது என்று அவர் வழக்காடினார். 2019இல் மேல் தீர்ப்பாயம் அரசின் பக்கமே நின்றது: அடையாளம் உங்கள் விருப்பம், குடியுரிமை சட்டத்தின் முடிவு. வழக்கில் அவர் தோற்றாலும் 2020 மே மாதம் குடியேற்ற விதியை அரசு மாற்றியது. 2021 கணக்கெடுப்பின்படி அங்கே பிரிட்டிஷ் மட்டும் 31.9 சதவீதம், ஐரிஷ் மட்டும் 29.1, வட ஐரிஷ் மட்டும் 19.8. எந்தத் தரப்பும் பெரும்பான்மை இல்லாத மண்ணில் குடியுரிமையை ஒரே தேசத்தோடு கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மண்ணின் கல்லறைகளே சாட்சி.

விளையாட்டில் அடையாளமும் குடியுரிமையும் தனித்தனியாக இருப்பது சிக்கலில்லாமல் நடக்கிறது. 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதிய ஆட்டம்தான் முதல் பன்னாட்டுக் கால்பந்துப் போட்டியாகக் கருதப்படுகிறது. இன்றும் நான்கு அணிகள்; கடவுச்சீட்டு ஒன்று. யார் எந்த அணிக்கு ஆடலாம் என்பதைக் கடவுச்சீட்டை வைத்து முடிவுசெய்ய முடியாததால், பிறந்த இடம், பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிறந்த இடம், 18 வயதுக்குள் அங்கே ஐந்தாண்டுப் பள்ளிப்படிப்பு என்று தனி விதி வகுத்துக்கொண்டார்கள்.

மிஞ்சியிருப்பது இங்கிலாந்து. ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் 1999 முதல் தனி அவைகள் உண்டு; இங்கிலாந்துக்கு இல்லை. பேரரசை முன்னின்று நடத்தியவர்கள் தங்கள் சொந்தத் தேசியத்தைப் பேசாமல் ஒதுக்கிவைத்திருந்தார்கள் என்பது சமூகவியலாளர் கிரிஷன் குமார் ஆங்கிலேய அடையாளம் பற்றிய தன் 2003ஆம் ஆண்டு நூலில் சொல்லும் கருத்து. பேரரசு போனபின் அது பேசப்படும்போது வம்சக் குரலும் சேர்ந்தே வருகிறது. 2025 பிப்ரவரியில் முன்னாள் உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன், தாம் இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தாலும் பிரிட்டிஷ்தானே தவிர ஆங்கிலேயர் அல்ல என்று நாளேட்டில் எழுதினார். அவருடைய தாய் மொரீஷியஸ் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்தவர். அடையாளம் அவரவர் விருப்பம். அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் ஆங்கிலேயராக இருக்க வம்சம் வேண்டும் என்பதைப் பொது விதியாகச் சொல்லும்போது, லண்டனிலும் லெஸ்டரிலும் பிறந்து அந்த மண்ணைத் தவிர வேறெதையும் அறியாத பிள்ளைகளின் வாயை அது அடைக்கிறது. வடக்கே பாகிஸ்தானிய வம்சாவளியைச் சேர்ந்த ஹம்சா யூசுஃப் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்கே தலைவராகி 2023இல் ஸ்காட்லாந்தின் முதலமைச்சரானார். பாகிஸ்தானிய வம்சாவளியினர் அங்கே தங்களை ஸ்காட்டிஷ் என்று சொல்லிக்கொள்ளும் இயல்பு, இங்கிலாந்தில் ஆங்கிலேயர் என்று சொல்லிக்கொள்வதில் இல்லை.

குடியுரிமை கேட்டு வருபவரிடம் பிரிட்டிஷ் சட்டம் எதைக் கேட்கிறது என்று பாருங்கள். 24 கேள்விகளில் 18க்குச் சரியான விடை. ஆங்கிலம், வெல்ஷ், ஸ்காட்டிஷ் கேலிக் ஆகிய மூன்றில் ஏதாவது ஒரு மொழியில் போதிய அறிவு. பிறகு உள்ளூர் மன்றத்தில் நடக்கும் விழாவில் மன்னருக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம். நாட்டின் உரிமைகளையும் சட்டங்களையும் மதிப்பேன் என்று உறுதிமொழி. நீ எந்தத் தேசத்தவன் என்ற கேள்வி எங்கும் இல்லை. இந்த மௌனம் 1608இலிருந்து வருவது, காப்பாற்றப்படவேண்டியது.

இன்று உடனடியாகத் திருத்தவேண்டிய அநீதி வேறொன்று. 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பால் குடிமகனாகாத குழந்தை, பிரிட்டனில் பிறந்து முதல் பத்தாண்டு அங்கேயே வளர்ந்தால் குடிமகனாகப் பதிவு செய்துகொள்ள உரிமை உண்டு. அதற்கான கட்டணம் 1,012 பவுண்டாக இருந்தபோது, விண்ணப்பத்தைப் பரிசீலிக்க அரசுக்கு ஆன செலவு 372 பவுண்டு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது; நாடாளுமன்றம் அமைச்சருக்குத் தந்த அதிகாரத்துக்கு உட்பட்டதே இந்தக் கட்டணம் என்று 2022இல் தீர்ப்பானது. வசதியற்றவர்களுக்கு அதே ஆண்டு விலக்கு வந்தது. கட்டணமோ அதன்பின் 1,200 பவுண்டைத் தாண்டியது. சொந்த ஊரின் பேச்சையும் பள்ளியையும் கால்பந்து அணியையும் தவிர வேறெதையும் அறியாத குழந்தையிடம், உரிமையைப் பதிவு செய்ய லாபம் வைத்துப் பணம் வாங்குவது நியாயமில்லை. பரிசீலனைச் செலவுக்கு மேல் ஒரு பவுண்டும் வாங்கக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதவேண்டும். பிரிட்டனில் வாக்குரிமை உள்ள தமிழர்கள் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான்.